வேலிக்குள் வளர்ந்த தொழில்: வட சிலாங்கூர் தோட்டங்களும் நாட்டுப் பாதுகாப்பும்

ரப்பர் கன்றை நட்டு முதல் பால் எடுக்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதன்பின் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் மரம் பலன் தரும். இவ்வளவு நீண்ட கணக்கில் முதல் போடுகிறவரும் உழைப்பைப் போடுகிறவரும் சில விஷயங்களை நம்பித்தான் இறங்குகிறார்கள். கடல்வழி திறந்திருக்கும், ரயில் ஓடும், அரிசி வந்து சேரும், விடியுமுன் காட்டோரம் தனியாகப் பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர் உயிரோடு திரும்புவார் என்ற நம்பிக்கைகள் அவை. இவற்றைக் காப்பதே நாட்டுப் பாதுகாப்பு. எல்லைக் காவலும் படைபலமும் அதன் ஒரு பகுதி மட்டுமே. உணவு வரத்து, உள்நாட்டு அமைதி, குடிமக்கள் நம்பக்கூடிய சட்டம் ஆகியவையும் அதில் அடங்கும். ஆபத்து வந்தால் ஆலை இயந்திரத்தைக் கழற்றி வேறிடம் கொண்டுபோகலாம். மரத்தைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. அதனால் பாதுகாப்பு குலையும்போது தோட்டத்தொழில் மற்றத் தொழில்களைவிட முன்னதாகவும் ஆழமாகவும் அடிபடுகிறது.

இந்த உறவைச் சிலாங்கூர் மாநிலத்தின் வடபாதியில் தெளிவாகக் காணலாம். ரவாங்கிலிருந்து செரண்டா, பத்தாங் காலி, ராசா, கோல குபு, களும்பாங் என்று வடக்கே போகும் ரயில் பாதையின் இருபுறமும் ரப்பர் தோட்டங்கள் எழுந்தன. மேற்கே பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், ஜெரம் வழியாகக் கோல சிலாங்கூர் கடற்கரை வரை தோட்டங்கள் தொடர்ந்தன. மலேசியாவில் வணிக அளவில் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், ஆண்டு 1917. நாட்டின் நிலக்கரிச் சுரங்கம் பத்து ஆராங்கில் இருந்தது. 1930களில் தொடங்கிய தஞ்சோங் காராங் நெல் திட்டம் கடற்கரைச் சதுப்பை வயலாக்கியது. ஏற்றுமதிப் பொருள், எரிபொருள், உணவு மூன்றும் அடுத்தடுத்து விளைந்த இந்த வட்டாரத்தின் தோட்டங்களில் பெரும்பாலும் தமிழர்களே உழைத்தனர்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் மலாயா ரப்பரின் மதிப்பு வணிகக் கணக்கைத் தாண்டியது. அமெரிக்காவுக்கு விற்ற ரப்பரும் ஈயமும் ஈட்டித் தந்த டாலர், பிரிட்டன் போர்த்தளவாடம் வாங்கக் கைகொடுத்தது. விலை ஏறியும் தோட்டக் கூலி அதற்கேற்ப ஏறவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச்.நாதன் முதலியோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. சீனத் தொழிலாளருக்கு நிகரான சம்பளம், கள்ளுக்கடை மூடல், பிள்ளைகளுக்குப் படிப்பு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற விதியை நீக்குதல் ஆகியவை கோரிக்கைகளில் சில. மே மாதம் நாதன் கைதானார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர், நாதன் நாடுகடத்தப்பட்டார். போர்க்கால உற்பத்தி தடைபடக்கூடாது என்பதே அரசு சொன்ன நியாயம். ஏழே மாதத்தில் ஜப்பானியப் படை கரையிறங்கியபோது அந்த நியாயம் எவ்வளவு குறுகியது என்பது தெரிந்தது. தொழிலாளரை அடக்குவதில் காட்டிய வேகம் நாட்டைக் காப்பதில் இல்லை.

1942 ஜனவரி முதல் வாரத்தில் மேற்குக் கடற்கரை வழியாகப் படகுகளில் வந்த ஜப்பானியர் கோல சிலாங்கூரில் இறங்க முயன்றனர். முதல் முயற்சி பீரங்கிச் சூட்டில் முறிந்தது. ஓரிரு நாளில் அதற்கு வடக்கே தோன்றிய படை, சிலாங்கூர் ஆற்றையொட்டிப் பத்தாங் பெர்ஜுந்தை நோக்கி நகர்ந்து, ரவாங்கில் சாலையையும் ரயிலையும் வெட்டிவிடும் நிலைக்கு வந்தது. ஜனவரி 7இல் சிலிம் ஆற்றுப் போரில் தற்காப்பு அணி உடைந்தது. 11ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது. தோட்டத் துரைமார் அதற்குள் போய்விட்டிருந்தனர். தொழிலாளரைக் கூட்டிப்போக எவரும் ஏற்பாடு செய்திருக்கவில்லை.

அடுத்து வந்த மூன்றரை ஆண்டுகள், பாதுகாப்பு இல்லாத நாட்டில் தொழிலுக்கும் மக்களுக்கும் என்ன ஆகும் என்பதற்கு மலாயாவின் நேரடிச் சான்று. ரப்பரை வாங்க ஆளில்லை, சம்பளம் நின்றது. மலாயா தான் உண்ட அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வரவழைத்து வந்த நாடு. கப்பல் நின்றதும் தஞ்சோங் காராங் போன்ற சில வயல்கள் மட்டும் நாட்டின் பசியைத் தீர்த்துவிட முடியவில்லை. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் ஓரங்களிலும் மரங்களின் நிரைகளுக்கு இடையிலும் மரவள்ளி நட்டார்கள். சொறி, வீக்கம், மலேரியா எல்லாம் ஒன்றாக வந்தன. ஏற்றுமதிப் பயிரை மட்டும் வளர்த்து உணவுக்குக் கடலை நம்பியிருக்கும் நாடு, ஒரு துப்பாக்கிகூட வெடிக்காமல் பட்டினியில் விழக்கூடும் என்பதை அந்தத் தலைமுறை உடம்பால் அறிந்தது.

சயாம் மரண ரயில் அதைவிடப் பெரிய இழப்பு. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா பாதைக்கு மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் கொண்டுபோகப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் பல்லாயிரவர் மாண்டனர். வேலையும் சம்பளமும் உண்டு என்ற அழைப்பை நம்பிப் போனவர்கள் உண்டு, லாரியில் ஏற்றிப் போகப்பட்டவர்களும் உண்டு. போர்க்கைதிகளின் கல்லறைகளுக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது. இவர்களில் மிகப் பலர் பெயரில்லாக் குழிகளில் கிடக்கிறார்கள். ஒரு நாடு தன் மக்களைக் காக்கத் தவறினால் எவர் முதலில் பலியாவார் என்ற கேள்விக்கு இதைவிடத் துயரமான விடை மலாயா வரலாற்றில் இல்லை.

தொழிலுக்கும் நிலையான இழப்பு ஏற்பட்டது. ஆசிய ரப்பர் கைவிட்டுப் போனதும் அமெரிக்கா செயற்கை ரப்பர் ஆலைகளை அவசர அவசரமாகக் கட்டியது. போர் முடிவதற்குள் அங்கே ஆண்டு உற்பத்தி ஏழு லட்சம் டன்னைத் தாண்டியது. தோட்டங்கள் மீண்டும் திறந்தபோது, இயற்கை ரப்பர் இல்லாமல் டயர் இல்லை என்ற பழைய நிலை போய்விட்டது. மூன்றரை ஆண்டுக் காவல் தவறு உலகச் சந்தையில் ஒரு பொருளின் இடத்தையே மாற்றிவிட்டது.

போருக்குப்பின் அரிசிப் பங்கீடும் விலையேற்றமும் தொடர்ந்தன. தொழிற்சங்கங்கள் வேகமாக வளர்ந்தன. அவற்றின் சம்மேளனத்தில் மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் கை ஓங்கியிருந்தது. 1948 ஜூன் 16இல் பேராவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் அமலுக்கு வந்தது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. உண்மையில் அது கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான போர். போர் என்று அறிவித்திருந்தால் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் லண்டன் காப்பீட்டு நிறுவனங்களிடம் இழப்பீடு பெற முடியாமல் போயிருக்கும் என்பது அந்தப் பெயருக்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

வட சிலாங்கூர் இந்தப் போரின் நடுவில் இருந்தது. 1948 ஜூலையில் ஆயுதக் குழு ஒன்று பத்து ஆராங் நகருக்குள் புகுந்து சுரங்க இயந்திரங்களைச் சேதப்படுத்தியது, சிலர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பரில் ராசாவுக்குத் தெற்கே, பத்தாங் காலியை அடுத்த சுங்கை ரெமோக் தோட்டத்தில், ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவினர் ஆயுதம் ஏந்தாத 24 சீன ஆண்களைச் சுட்டுக் கொன்றனர். பெண்களையும் பிள்ளைகளையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டுக் குடியிருப்புக்குத் தீ வைத்தனர். கொல்லப்பட்டவர்கள் ரப்பர்த் தோட்டத்துப் பிழைப்பாளிகள். தப்பியோட முயன்றதால் சுட்டோம் என்ற விளக்கத்தை அரசு பல ஆண்டுகள் சொல்லி வந்தது. குடும்பத்தார் விசாரணை கேட்டு நடத்திய வழக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போய், 2015 நவம்பரில் தள்ளுபடியானது. 1951 அக்டோபர் 6இல், கோல குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் சாலையில், பிரிட்டிஷ் ஹைகமிஷனர் ஹென்றி கர்னி பதுங்கித் தாக்கியவர்களால் கொல்லப்பட்டார். ராசாவிலிருந்து சிறிது தூரத்துக்குள் மூன்றாண்டு இடைவெளியில் நடந்த இந்த இரண்டு சாவுச் சம்பவங்களும், ஆள்பவருக்கும் ஆளப்பட்டவருக்கும் ஒரேபோல் பாதுகாப்பு இல்லாத காலம் அது என்பதைக் காட்டுகின்றன.

கெரில்லாக்களின் இலக்கில் தோட்டத்தொழில் முன்வரிசையில் இருந்தது. மரப்பட்டையைக் கண்டபடி வெட்டிச் சிதைத்தால் அந்த வெட்டுமுகத்தில் பல ஆண்டுகளுக்குப் பால் வெட்ட முடியாது. புகைக் கொட்டகைக்குத் தீ வைத்தால் காய வைத்த ரப்பர் தகடுகள் மொத்தமும் போகும். கங்காணிகளும் கிராணிகள் எனப்பட்ட எழுத்தர்களும் காட்டிக்கொடுப்பவர்கள் என்ற சந்தேகத்தில் கொல்லப்பட்டார்கள். தொழிலாளி இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மாட்டினார்: இரவில் வந்து அரிசி கேட்பவருக்கு மறுத்தால் உயிருக்கு ஆபத்து, கொடுத்தால் விசாரணையில்லாத காவல். பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 2,500 பொதுமக்கள் கொல்லப்பட்டனர். 800க்கும் மேற்பட்டோர் காணாமல் போயினர்.

அரசின் பதில் 1950இல் ஜெனரல் ஹெரால்ட் பிரிக்ஸ் வகுத்த திட்டம். காட்டோரம் சிதறி வாழ்ந்த சீனக் குடிகளில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர் சுமார் 480 புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் அதைவிடக் கூடுதலானோர், சுமார் ஆறரை லட்சம் பேர், ஒன்றுதிரட்டி வேலிக்குள் வைக்கப்பட்டனர். தோட்டத் தமிழர்கள் ஏற்கனவே லயங்களில் சேர்ந்து வாழ்ந்ததால் பெரும்பாலோர் ஊர்விட்டு ஊர் போக நேரவில்லை. ஆனால் தனித்தனியாகக் கிடந்த சிறு பிரிவுகளின் லயங்கள் கலைக்கப்பட்டு, ஆபீசுக்கும் ஸ்டோருக்கும் பக்கத்தில் ஒரே இடமாயின. சுற்றிலும் முள்கம்பி, மூலையில் காவல் கூண்டு, வாசலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள்.

இந்த வேலி வேலையையே எப்படி மாற்றியது என்பது நெருங்கிப் பார்க்கத் தக்கது. ரப்பர் பால் விடியுமுன் குளிரில்தான் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற வடிவது குறையும். அதனால் இருட்டிலேயே பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு எழுந்து, விளக்கோடு நிரைக்குப் போவது மரம் வெட்டுவோர் வழக்கம். ஊரடங்கு அமலில் இருந்த இடங்களில் வாசல் திறக்கும் நேரம்தான் முதல் வெட்டின் நேரம். வாசலில் வாளி, கூடை, உடுப்பு, சைக்கிள் எல்லாம் சோதனையாகும். காட்டிலிருப்பவர்களுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பதால் கட்டுச்சோறு எடுத்துப்போகத் தடை. வெட்டி முடித்து, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து, லயத்துக்குத் திரும்பும் வரை வெறும் வயிறு. பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வரும் பெண்களுக்கு இது இரட்டைப் பாடு. தாமதமாக வெட்டினால் பால் குறைவு. எடைக்குச் சம்பளம் என்றால் சம்பளமும் குறைவு. தொழிலைக் காப்பதற்கென்று போட்ட வேலியின் செலவில் ஒரு பங்கு இப்படித் தொழிலாளியின் கூலியிலிருந்தும் போனது. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அது ஏறவில்லை.

ஆயினும் தோட்டங்கள் மூடப்படவில்லை. அதற்குக் காவல் மட்டும் காரணமாகாது. 1950 ஜூனில் கொரியப் போர் மூண்டதும் வல்லரசுகள் ரப்பரை வாங்கிக் குவித்தன. 1949இல் ராத்தல் ஒன்றுக்குச் சராசரி 38 காசு அளவில் இருந்த விலை, 1951இல் 170 காசை நெருங்கியது. ஏற்றுமதி வரியாக அரசுக்கு வந்த பணமே புதுக்கிராமங்களையும் காவல்படை விரிவையும் தாங்கியது. அதாவது காக்கப்பட்ட தொழிலே காவலுக்கும் பணம் கொடுத்தது. விலை ஏறாதிருந்தால் பிரிக்ஸ் திட்டம் காகிதத்தில் நின்றிருக்க நியாயம் உண்டு. 1952இல் விலை சரிந்ததும் சம்பளமும் கூடவே சரிந்தது. வேலி மட்டும் அப்படியே நின்றது.

இலங்கையின் வடக்கு இதற்கு நேர்மாறான முடிவைக் கண்டது. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறை சிமெண்ட் ஆலை உள்நாட்டுப் போரால் 1990இல் மூடப்பட்டது. சுற்றுவட்டாரம் உயர் பாதுகாப்பு வலயமாகி, மக்களே அங்கே நுழைய முடியாத நிலை வந்தது. மலாயாவில் தொழிலைச் சுற்றி வேலி போட்டு அதை நடத்தினார்கள். காங்கேசன்துறையில் வேலி தொழிலையும் ஊரையும் சேர்த்து விழுங்கியது. பாதுகாப்பு என்ற ஏற்பாடு எதைக் காக்கிறது என்பதைக் கேட்காமல் அதன் பயனை மதிப்பிட முடியாது என்பதற்கு இரண்டும் சான்று.

மலாயாவில் தொழிற்சங்கம் பட்ட அடி இன்னும் நீண்ட காலத்துக்கு நின்றது. அவசரகாலத்துக்குச் சில நாள் முன்பே சம்மேளனத்தின் பதிவு செல்லாததாகிவிட்டது. அதன் தலைவராயிருந்த எஸ்.ஏ.கணபதி 1949இல் ரவாங் அருகே கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டார் என்ற குற்றச்சாட்டில், நேரு அரசின் வேண்டுகோளையும் மீறி, மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார். அதே வாரத்தில் அவர் தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அச்சம் சூழ்ந்த தோட்டங்களில் ஊதியம் கேட்பதே சந்தேகத்துக்கு இடமாயிற்று. அரசு ஏற்கும் மிதவாதச் சங்கங்கள் 1954இல் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயின, பி.பி.நாராயணன் அதை வழிநடத்தினார். அது பல உரிமைகளைப் பேசிப் பெற்றது உண்மை. ஆனால் வன்முறையை ஒடுக்கும் வேகத்தில் கோரிக்கையையும் ஒடுக்கிய பழக்கம், தோட்டத் தொழிலாளியின் பேரம் பேசும் வலிமையை ஒரு தலைமுறைக்குக் குறைத்துவிட்டது என்று சொல்வதில் மிகையில்லை.

1948இல் பாதுகாப்புக்காகத் தொடங்கிய இன்னொரு ஏற்பாடு அடையாள அட்டை. புகைப்படமும் கைரேகையும் கொண்ட அந்த அட்டை இல்லாமல் பங்கீட்டு அரிசி கிடையாது, வாசலைத் தாண்டவும் முடியாது. விடுதலைக்குப்பின் அதுவே குடிமகனையும் அல்லாதவரையும் பிரிக்கும் கோடாயிற்று. எழுத்தறியாமையாலும், பிறப்புச் சான்று இல்லாததாலும், விண்ணப்பிக்கச் சொல்லித்தர ஆளில்லாததாலும் தோட்டத் தமிழர் பலர் குடிமக்களுக்கான நீல அட்டை பெறாமல் சிவப்பு அட்டையோடு நின்றுவிட்டனர். 1968இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடிமக்கள் அல்லாதவர் வேலை அனுமதி பெற வேண்டும் என்றபோது பல்லாயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினர். முள்கம்பிக்குள் நின்று நாட்டின் வருமானத்தைக் காத்தவர்களில் பலர் அப்படிப் போனார்கள். இது பெரும் அநீதி.

முதலாளிகளின் அச்சமும் மக்கள் தலையில்தான் வந்து விடிந்தது. உள்நாட்டுப் போரும் வரப்போகும் விடுதலையும் எதைக் கொண்டுவருமோ என்று பயந்த ஐரோப்பிய உடைமையாளர் பலர் 1950களில் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். வேலையும் லயத்து வீடும் ஒரே நாளில் போயின, ஏனென்றால் வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. இதைத் தடுக்க அமைச்சராயிருந்த வி.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். தொழிலாளிக்கு நிலத்தில் உரிமை கிடைத்தால் அதுவே பாதுகாப்பு என்று உணர்ந்து செய்யப்பட்ட அரிய முயற்சி அது.

அவசரகாலம் முடிந்த மறுநாளே, 1960 ஆகஸ்ட் 1இல், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. 1968இல் மீண்டும் தலைதூக்கிய கம்யூனிஸ்ட் ஆயுதப் போராட்டம் 1989 டிசம்பரில் ஹாட்யாய் உடன்பாட்டில் முடிந்தபின்னும் சட்டம் நீடித்தது. 2007 நவம்பர் 25இல், தோட்டங்களை விட்டு வெளியேறிய இந்தியர்களின் வறுமையையும் உடைந்த கோயில்களையும் முன்னிறுத்தி ஹிண்ட்ராப் என்ற இந்து உரிமை இயக்கம் கோலாலம்பூரில் பேரணி நடத்தியது. அடுத்த மாதம் அதன் ஐந்து தலைவர்கள் இதே சட்டத்தில் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டனர். அவர்களில் ஒருவரான மனோகரன் காவலில் இருந்தபடியே 2008 மார்ச்சில் சிலாங்கூரின் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். சட்டம் 2012இல் நீக்கப்பட்டு வேறொரு பாதுகாப்புச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. குறையைச் சொல்பவரையும் குண்டு வைப்பவரையும் ஒரே விதியின் கீழ் கொண்டுவரும் அரசு, தனக்கு முன்னெச்சரிக்கை தரும் குரலைத் தானே அடைத்துக்கொள்கிறது.

இதற்கிடையில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்த இடங்கள் பல. கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் வட்டாரத்தின் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் வீட்டுரிமை கேட்டு நடத்திய போராட்டம் பல பத்தாண்டுகள் நீண்டது. தலைமுறை தலைமுறையாக உழைத்த இடத்தில் சொந்தக் கூரை இல்லாதவருக்கு நாடு பாதுகாப்பாக இருக்கிறது என்ற சொல் எட்டாத சொல்லே.

செம்பனைத் தோட்டங்களில் இன்று குலை வெட்டுவோரில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காக எல்லைகள் மூடப்பட்டபோது புதிய ஆள் வரத்து நின்றது. பழுத்த குலையை வெட்டியதும் ஏறக்குறைய ஒரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டு போகாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். வெட்ட ஆளில்லாமல் பழம் மரத்தடியில் உதிர்ந்து அழுகியது. உலகச் சந்தையில் செம்பனை எண்ணெய் விலை உயர்ந்த நேரத்தில் நாடு அறுவடையை இழந்தது. எல்லைக் காவலும் தொழிலும் ஒன்றையொன்று சார்ந்திருப்பது அப்போது மீண்டும் வெளிப்பட்டது. இந்தத் தொழிலாளரின் வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது. சம்பளத் தகராறில் தோட்டத்தை விட்டு வெளியேறினால் அவர் குடிநுழைவுச் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி. முறையீட்டுக் காலத்திலும் அனுமதி செல்லும் என்ற விதியும், முதலாளியை மாற்றிக்கொள்ளும் வழியும் இருந்தால், எல்லையைக் காக்கும் சட்டம் தொழிலாளியைக் காக்கவும் பயன்படும்.